அரிசி வண்டும் ஊர் மாத்திரையும்

சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குக் கரப்பான் மருந்து வைக்கப் போயிருந்தேன். கிளம்பும் நேரத்தில் அந்த வீட்டு அக்கா, "தம்பி, இந்த அரிசியையும் ஒரு பார்வை பாத்துடுங்க" என்றார். தேக்காவில் வாங்கிய பத்துக் கிலோ பொன்னி. டப்பாவைத் திறந்தால் கரப்பான் ஸ்பிரே வாடை. வண்டைப் பார்த்ததும் அவர் கணவர் அரிசி மேலேயே அடித்துவிட்டாராம். "கழுவினா போயிடும்ல?"

போகாது. அந்த ஸ்பிரே தரைக்கும் இடுக்குக்கும் உள்ளது. அவ்வளவையும் கொட்டச் சொன்னேன். அவருக்கு மனசே வரவில்லை.

இத்தனைக்கும் வண்டு ஒழிந்திருக்காது. பெண் வண்டு அரிசியில் துளை போட்டு முட்டையிட்டு, துளையைப் பசையால் அடைத்துவிடும். புழுவாவதும் கூட்டுப்புழுவாவதும் மணிக்குள்ளேதான். இங்குள்ள வெக்கையில் ஒரு மாதம் போல ஆனால் வண்டாக வெளியே வரும். ஸ்பிரே மேலே ஊர்வதைத்தான் கொல்லும்.

உள்ளே இருப்பதைக் கொல்லக் கிடங்குகளில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்போம். காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு கிளம்பும். 3 கிராம் மாத்திரைக்கு 1 கிராம் வாயு. மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி, ஓரமெல்லாம் மணல் பை அடுக்கி, நாள் கணக்கில் விடுவோம். அவசரப்பட்டுப் பிரித்தால் முட்டையும் கூட்டுப்புழுவும் தப்பிவிடும், மருந்துக்கு அசையாத வண்டு இப்படித்தான் உருவாகிறது. பிரித்த பிறகும், வாயுவை அளக்கும் மீட்டர் 0.3 பிபிஎம்முக்குக் (காற்றில் பத்து லட்சத்தில் 0.3 பங்கு) கீழே இறங்காமல், வாயுவைத் தடுக்கும் முகக்கவசம் இல்லாத யாரையும் உள்ளே விடமாட்டோம்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா, "அப்ப மாமியார் ஊர்ல இருந்து குடுத்துவிட்டது அதுதானா?" என்று அலமாரியிலிருந்து ஒரு சின்ன அலுமினியக் குப்பியை எடுத்தார். ஊரில் நெல்லுக்குப் போடும் அதே மாத்திரை. நல்லவேளை, சீல் உடையவில்லை. எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை.

நெல் குதிர் வேறு, ஜன்னல் சாத்தி ஏர்கான் போட்ட வீடு வேறு. இந்த வாயு சுவர் விரிசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போகும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ வரலாம், வராமலும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் எல்லோரும் வெளியேறி 995-ஐக் கூப்பிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் வாயு இன்னும் வேகமாகக் கிளம்பும். குப்பைக் குழாயிலும் போடாதீர்கள், அங்கேயும் ஈரம்தான். அந்தக் குப்பியைத் திறக்காமல் எங்கள் மேலாளரிடம் ஒப்படைத்தேன்.

வீட்டு அரிசிக்குக் குளிர் போதும். வாங்கிய பையை அப்படியே ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் சாகும். வெளியே எடுத்து, குளிர் விட்டு அறைச் சூட்டுக்கு வந்ததும் பிரித்து, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். பழைய அரிசி மேல் புதியதைக் கொட்டாதீர்கள். வேப்பிலை, மிளகாய் வற்றல் போடுவதில் தப்பில்லை, ஆனால் மணிக்குள் இருப்பதை அவை ஒன்றும் செய்யாது. இரண்டு மூன்று வண்டுதான் என்றால் புடைத்துக் கழுவிச் சமைக்கலாம், நானே சாப்பிடுவேன்.

அக்கா ஃப்ரீசரைத் திறந்து காட்டினார். மீனும் ஐஸ்கிரீமும் அடைத்துக் கிடந்தன. "பத்துக் கிலோ எங்க தம்பி வைக்க?"

"ரெண்டு கிலோவா வாங்குங்க அக்கா."