டிரேஸ் பட்டனை அழுத்துவதற்கு முன்னால்: வெக்டர் வரையக் கற்பவர்களுக்கு

அச்சுக்கும் ஸ்டிக்கர் கட்டிங்கிற்கும் ஃபைல் தயார் செய்வதுதான் என் வேலை. வெளியிலிருந்து வரும் ஃபைலைத் திறந்ததும் நிறம், அளவு எல்லாவற்றுக்கும் முன்பாக அவுட்லைன் வியூவுக்குப் போய்விடுவேன். வரையும் மென்பொருள்களில், இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல்-ஒய், கோரல்டிராவில் வியூ மெனுவில் வயர்ஃபிரேம், இங்க்ஸ்கேப்பில் அதே வியூ மெனுவில் டிஸ்பிளே மோடுக்குள் அவுட்லைன். நிறமெல்லாம் மறைந்து வெறும் கோடுகள் மட்டும் நிற்கும். இது யாரோ யோசித்து வரைந்த உருவமா, பட்டனை அழுத்தி மாற்றிய உருவமா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

மாற்றிய உருவம்தான் அதிகம் வருகிறது. அதில் ஒரு வகை, ஜேபெக் படத்தை இழுத்துப் போட்டு பிடிஎஃப் ஆகவோ எஸ்விஜி ஆகவோ சேமித்து, வெக்டர், அதாவது புள்ளிகளும் வளைவுகளுமாக வரைந்த உருவம், என்று பெயர் வைத்து அனுப்புவது. அவுட்லைன் வியூவில் ஒரு செவ்வகம் மட்டும்தான் தெரியும், உள்ளே கோடே இருக்காது. ஃபைலின் கடைசி மூன்று எழுத்தை மாற்றினால் பிக்சல் எனும் குட்டிச் சதுரங்கள் வளைவாகிவிடாது. வாக்கியமாக எழுதிக் கேட்டால் படம் தரும் புதிய கருவிகளும் பெரும்பாலும் பிக்சல் படத்தைத்தான் தருகின்றன, அதை லோகோ என்று நம்பிக்கொண்டு வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். இந்த வகையைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். இன்னொரு வகைதான் கஷ்டம், ஏனென்றால் அதில் உண்மையிலேயே வெக்டர் இருக்கிறது, ஆனால் அதைத் திருத்தவும் முடியாது, வெட்டவும் முடியாது.

ஒரு பறவைச் சின்னம் வந்தது, கட்டிங்கிற்கு. திரையில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. அவுட்லைன் வியூவில் சிறகின் மேல் விளிம்பைப் பெரிதாக்கினால், ஒரே வீச்சில் போகவேண்டிய வளைவு நெடுக எறும்பு வரிசை மாதிரி புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் ஹேண்டில், அதாவது வளைவின் திசையைத் திருப்பும் கைப்பிடி, வெவ்வேறு பக்கம் திரும்பி நிற்கிறது. மூலப் படத்தின் பிக்சல் படிக்கட்டுகளை ஆட்டோ டிரேஸ், அதாவது படத்தைப் பார்த்து மென்பொருள் தானாகவே கோடு போடும் வசதி, அப்படியே வளைவாக எழுதி வைத்துவிட்டது. கட்டிங் பிளாட்டர் என்ற வெட்டும் இயந்திரத்தின் கத்தி அந்தப் பாதையில்தான் போயாக வேண்டும். நொடிக்கு நொடி திசை மாறி மாறிப் போனால் விளிம்பு பிசிறாக வரும், வேண்டாத வினைல் ஸ்டிக்கர் தாளை உரித்தெடுக்கும்போது மெல்லிய முனைகள் கூடவே பிய்ந்து வந்துவிடும். அச்சில் போட்டாலும் அளவு பெரிதாகப் பெரிதாக அந்த நடுக்கம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

அந்தச் சிறகைத் திரும்ப வரைந்தோம். தோளில் ஒரு புள்ளி, மேல் விளிம்பு மிக உயரமாகப் போகும் இடத்தில் ஒன்று, நுனியில் ஒரு கூர்முனைப் புள்ளி, கீழ் விளிம்பு உள்வாங்கும் இடத்தில் ஒன்று, உடம்போடு சேரும் இடத்தில் ஒன்று. ஐந்தே புள்ளி, சிறகு முடிந்தது. கொஞ்சம் நிமிர்ந்த சிறகாக வேண்டும் என்று நாளைக்கு யாராவது கேட்டால் இரண்டு ஹேண்டிலை அசைத்தால் போதும். டிரேஸ் செய்த ஃபைலில் அதே திருத்தத்தைக் கேட்டால், திருத்துவதைவிட முதலிலிருந்து வரைவதே சீக்கிரம் முடியும்.

ஐந்து புள்ளி எப்படிப் போதுமானது என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயமே. புள்ளி வைத்து வரையும் கருவியான பென் டூலில் நாம் போடும் வளைவுக்கு பெசியே வளைவு என்று பெயர். 1960களில் ரெனால்ட் கார் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த பியர் பெசியே, கார் உடலின் வளைவுகளைக் கணினியில் வரைவதற்காக இதைப் பயன்படுத்தி வெளியுலகத்திற்குத் தெரியப்படுத்தினார். அதற்கு முன்பே, 1959-ல், சித்ரோயன் நிறுவனத்தில் பால் து காஸ்தெல்ஜோ இதே வளைவைக் கணக்கிடும் முறையைக் கண்டுபிடித்துவிட்டார். நிறுவனம் அதை ரகசியமாக வைத்துக்கொண்டதால் பெயர் பெசியேவுக்குப் போய்விட்டது. நீளமான, வழவழப்பான வளைவைச் சில எண்களில் பிடித்து வைப்பதற்காகவே பிறந்த முறை இது. 1987-ல் இல்லஸ்ட்ரேட்டர் வந்தபோது இதே வளைவுதான் டிசைனர்களின் கைக்கு வந்தது, 1989-ல் கோரல்டிரா, 2003-ல் இங்க்ஸ்கேப் என்று எது வந்தாலும் உள்ளே இருப்பது அதே கணக்குதான். அதனால் எந்த மென்பொருளில் கற்பது என்று நிறையப் பேர் கேட்கும்போது, இலவசம் என்பதால் இங்க்ஸ்கேப்பில் ஆரம்பியுங்கள் என்பேன். புள்ளி வைக்கப் பழகிய கை அடுத்த மென்பொருளிலும் வேலை செய்யும், ஷார்ட்கட் மட்டும்தான் மாறும்.

ஒரு வளைவுத் துண்டுக்கு இரண்டு முனைப் புள்ளி, இரண்டு ஹேண்டில், அவ்வளவுதான். ஹேண்டில் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ, அந்தத் திசையில்தான் கோடு புள்ளியை விட்டுக் கிளம்பும். ஹேண்டில் நீளமாக இருந்தால் அந்தத் திசையை நெடுந்தூரம் விடாமல் போகும், குட்டையாக இருந்தால் சீக்கிரமே திரும்பிவிடும். கோடு வளையும்போது ஹேண்டிலின் நுனியைத் தொடாது, அந்தப் பக்கமாக இழுபடும், அவ்வளவே. புதிதாகக் கற்பவர்கள் கோட்டையே பிடித்து இழுத்து வேண்டிய இடத்திற்குக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். அது சரியாக வராததும் நடுவில் ஒரு புள்ளி, அப்புறம் அதைச் சரிசெய்ய இன்னொரு புள்ளி. கோடு எங்கே கிளம்புகிறது, எந்தத் திசையில் கிளம்புகிறது, எங்கே எந்தத் திசையில் போய்ச் சேருகிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், நடுப்பகுதி தானாகவே அமையும்.

இதை நம்புவதற்கு ஒரு வட்டம் போட்டு, அதைப் பாத்தாக, அதாவது புள்ளியும் ஹேண்டிலும் உள்ள கோடாக, மாற்றிப் பாருங்கள். இங்க்ஸ்கேப்பில் ஆப்ஜெக்ட் டு பாத், கோரலில் கன்வெர்ட் டு கர்வ்ஸ். மேலே, கீழே, இடம், வலம் என நான்கே புள்ளிகள். ஹேண்டில்கள் நேர்க்கிடையாகவும் நேர்செங்குத்தாகவும் நிற்கும், ஒவ்வொன்றின் நீளமும் ஆரத்தில் ஏறக்குறைய 0.55 பங்கு. கணிதப்படி பார்த்தால் பெசியே வளைவால் முழு வட்டத்தைத் துல்லியமாக வரையவே முடியாது, ஆனால் இந்த நான்கு புள்ளி வட்டம் உண்மையான வட்டத்திலிருந்து விலகுவது ஆரத்தில் 0.03 சதவீதத்திற்கும் குறைவு. எந்த அச்சிலும் எந்தக் கத்தியிலும் அது தெரியாது. முழு வட்டத்துக்கே நான்கு போதுமென்றால், ஒரு சிறகின் விளிம்புக்கு எத்தனை வேண்டும்?

வட்டத்தில் புள்ளிகள் இருக்கும் இடத்தையும் கவனியுங்கள். வளைவு மிக மேலே, மிகக் கீழே, மிக இடப்பக்கம், மிக வலப்பக்கம் போகும் இடங்கள் அவை. எழுத்துரு வடிவமைப்பவர்கள் காலங்காலமாகப் பின்பற்றும் வழக்கம் இது. அங்கே புள்ளி வைத்தால் ஹேண்டிலை ஷிஃப்ட் அல்லது கன்ட்ரோல் பிடித்து நேராக இழுத்துவிடலாம், இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்பதும் கண்ணாலேயே தெரியும். ஹேண்டிலின் நீளம், அடுத்த புள்ளி வரைக்கும் உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று ஆரம்பித்துக்கொள்ளுங்கள், பிறகு கண் சொல்வதுபோல் கூட்டிக் குறைக்கலாம். நெளிந்து போகும் எஸ் வளைவை ஒரே துண்டில் முடிக்க முடியும்தான், ஆனால் திருத்தும்போது ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் கெடும். வளைவு பக்கம் மாறும் இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

புள்ளியிலும் இரண்டு வகை உண்டு. கூர்முனைப் புள்ளியில் இரண்டு ஹேண்டிலும் தனித்தனியாக நகரும், ஸ்மூத் புள்ளியில் இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். பார்க்க ஸ்மூத் மாதிரி இருந்து, ஹேண்டில்கள் இம்மியளவு கோணலாக இருக்கும் கூர்முனைப் புள்ளிதான் ஆபத்தானது. திரையில் தெரியாது, பெரிய பலகையில் ஒரு நெருடலாகத் தெரியும். சந்தேகம் வந்தால் புள்ளியைத் தேர்ந்தெடுத்து ஸ்மூத் பட்டனை ஒருமுறை அழுத்திவிடுங்கள். இன்னொன்று, வேண்டாத புள்ளியை எடுக்கும் விதம். இல்லஸ்ட்ரேட்டரில் புள்ளியைத் தேர்ந்தெடுத்து டெலீட் கீயை அழுத்தினால் இரண்டு பக்கக் கோடும் சேர்ந்து போய் உருவம் திறந்துகொள்ளும். அதற்கென்று டெலீட் ஆங்கர் பாயிண்ட் டூல் தனியாக இருக்கிறது. திறந்துபோன பாத் நிறம் நிரப்பினால் மூடியது போலவே தோன்றுவதால் பலருக்கு இது தெரிவதே இல்லை, கத்திக்கு அனுப்பும்போதுதான் ஒரு ஓரம் வெட்டப்படாமல் நிற்கும்.

எல்லாவற்றையும் பென் டூலில்தான் வரைய வேண்டும் என்றும் இல்லை. பிறை வேண்டுமென்றால் இரண்டு வட்டம் போட்டு ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடலாம். இல்லஸ்ட்ரேட்டரில் மைனஸ் ஃபிரண்ட், இங்க்ஸ்கேப்பில் டிஃபரன்ஸ், இரண்டிலும் மேலே இருப்பதுதான் கழிபடும், அதனால் எது மேலே என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். கழித்து முடித்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஒட்டினாற்போல் இரண்டு புள்ளிகளோ மயிரிழைத் துண்டோ மிஞ்சியிருக்கலாம்.

துளை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்று சுழி ண-வை எடுத்துக்கொள்ளுங்கள். சுழிகளுக்குள் இருக்கும் இடைவெளி வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று மேலே வெள்ளை நிற உருவங்களை வைத்துவிடுகிறார்கள். வெள்ளைக் காகிதத்தில் சரிதான். நிறப் பின்னணியில் வைத்ததும் சுழிக்குள் வெள்ளைப் பொட்டு நிற்கும், கட்டிங்கில் போட்டால் கத்தி இரண்டு உருவத்தையும் தனித்தனியாக வெட்டும். வெளிக்கோட்டையும் உள்கோட்டையும் சேர்த்து ஒரே காம்பவுண்ட் பாத் ஆக்க வேண்டும், கோரலிலும் இங்க்ஸ்கேப்பிலும் அதற்கு கம்பைன் என்று பெயர். அப்படிச் சேர்த்தும் சில சமயம் துளை அடைபட்டுப் போகும். நான்ஜீரோ என்ற நிரப்பு விதியில் உள்கோடும் வெளிக்கோடும் ஒரே திசையில் சுற்றினால் துளை நிரம்பிவிடும், எதிர்த்திசையில் சுற்றினால்தான் திறக்கும். உள்கோட்டை மட்டும் தேர்ந்தெடுத்துத் திசையைத் திருப்பிவிடுங்கள். ஈவன்-ஆட் விதிக்கு மாற்றினாலும் துளை திறக்கும், அது திசையைப் பார்க்காது, எத்தனை கோட்டைத் தாண்டுகிறோம் என்று மட்டும் எண்ணும்.

ஸ்ட்ரோக் என்ற கோட்டின் தடிமனும் ஃபில் என்ற உள்நிரப்பும் வேறு வேறு என்பதையும் மறந்துவிடுகிறார்கள். ஸ்ட்ரோக்கால் வரைந்த சின்னத்தைச் சிறிதாக்கும்போது, கோட்டின் தடிமனும் சேர்ந்து குறையும்படி செட்டிங் இல்லாவிட்டால் கோடுகள் அப்படியே தடித்து நின்று உருவத்தை அடைத்துவிடும். பெரிதாக்கினால் நூலாக மெலிந்துவிடும். முடிந்த வேலையை அனுப்பும்போது ஸ்ட்ரோக்கை உருவமாக மாற்றிவிடுங்கள், ஆனால் நீங்கள் வைத்துக்கொள்ளும் ஃபைலில் வேண்டாம். மாற்றிய பிறகு கோட்டின் தடிமனைத் திருத்துவது பெரும்பாடு.

ஆட்டோ டிரேஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மை தெறித்த தடம், தூரிகையின் சொரசொரப்பு, கரியால் கிறுக்கிய கோடு இதற்கெல்லாம் டிரேஸ்தான் சரி, அங்கே ஒழுங்கின்மைதான் அழகு. அதற்கும் படம் பெரியதாக, கருப்பு வெள்ளை தெளிவாகப் பிரிந்ததாக இருக்க வேண்டும். டிரேஸ் செய்த லோகோவை சிம்ப்ளிஃபை போட்டுச் சரிசெய்யலாமா என்று கேட்பார்கள். அது புள்ளியைக் குறைக்கும், ஆனால் எந்தப் புள்ளி முக்கியம் என்று அதற்குத் தெரியாது. கூர்முனைகள் மழுங்கும், நேர்க்கோடு லேசாக வயிறு தள்ளும். தேய்ந்த ஜேபெக்கை அடியில் ஒரு லேயரில் வைத்து, மங்கலாக்கி, பூட்டி, மேலே பென் டூலில் வரைவதுதான் நேர்மையான வழி, பழகிய கைக்கு அது டிரேஸைத் துப்புரவு செய்வதைவிட வேகமாகவே முடியும்.

பழகுவதற்கு எங்களிடம் சேரும் புதியவர்களுக்கு நான் கொடுப்பது எழுத்துகளைத்தான். ட, ப இரண்டும் நேர்க்கோடு மட்டும், புள்ளியை நேராக வைக்கவும் பாத்தைச் சரியாக மூடவும் கை பழகும். அப்புறம் ஒரு வளைவு உள்ள ந, அதற்குப் பிறகு அ, ண, ஐ. ஒரு நல்ல எழுத்துருவில் தட்டச்சு செய்து, பூட்டி வைத்து, மேலே நீங்கள் வரையுங்கள். வரைந்து முடித்த பிறகுதான் அந்த எழுத்தை வளைவாக மாற்றி, அதை வடிவமைத்தவர் எங்கெங்கே புள்ளி வைத்திருக்கிறார் என்று உங்களுடையதோடு ஒப்பிட வேண்டும், முன்னாலேயே பார்த்துவிட்டால் பயிற்சி போய்விடும். ஒரு எச்சரிக்கை: ட்ரூடைப் எழுத்துருவின் வளைவுகள் ஒரே ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளி உள்ள எளிய வகையைச் சேர்ந்தவை, அதனால் வளைவாக மாற்றும்போது உங்களுடையதைவிட அதிகப் புள்ளிகள் தெரியலாம். போஸ்ட்ஸ்கிரிப்ட் வகை வளைவு உள்ள ஓபன்டைப் எழுத்துரு கிடைத்தால் அதோடு ஒப்பிடுங்கள், அதில் இருப்பது நீங்கள் பென் டூலில் போடும் அதே வளைவு.

அச்சுக்கோ கட்டிங்கிற்கோ ஃபைலை அனுப்பும் நாளில், அவுட்லைன் வியூவில் ஒருமுறை மேய்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோடுகளை நீக்குங்கள். திரையில் அது ஒரே கோடுதான், கத்தி இரண்டு தடவை வெட்டும். எழுத்துகளை வளைவாக மாற்றிய ஃபைலை அனுப்பிவிட்டு, மாற்றாத ஃபைலை வேறு பெயரில் பத்திரமாக வையுங்கள், ஏனென்றால் ஒரு எழுத்துப் பிழை இருப்பதை வாடிக்கையாளர் கடைசி நேரத்தில்தான் பார்ப்பார்.