மரச்சீனிக்கும் முதுகுக்கும் உள்ள வழக்கு

குழித்துறைப் பக்கத்து வீடுகளில் யாராவது முதுகு பிடித்துக்கொண்டது என்று சொன்னால் அடுப்படியிலிருந்து ஒரே கேள்விதான் வரும்: "நேத்து கிழங்கு தின்னியா?" கிழங்கு என்றால் எங்களுக்கு மரச்சீனி. மரவள்ளி, குச்சிக்கிழங்கு, களியக்காவிளை தாண்டினால் கப்பை, எல்லாம் இதுதான். கிழங்கு வாயு; வாயு ஏறினால் முதுகு பிடிக்கும், மூட்டு பிடிக்கும். அதற்கு மேல் விளக்கம் கேட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும்.

எனக்கு 26 வயதில் பிடித்தது. விடியற்காலை மூன்று மணிக்கு இடுப்புக்குக் கீழே வலி வந்து எழுப்பும். முற்றத்தில் பத்துச் சுற்று நடந்தால் குறையும், வந்து படுத்தால் மறுபடியும் வரும். பைக் ஓட்டி ஓட்டி டிஸ்க் விலகியிருக்கிறது என்று ஒரு மருத்துவர் சொல்லி, ஓய்வெடுக்கச் சொன்னார். எடுத்தேன், வலி கூடியது. இப்படி ஐந்து வருடம் போன பிறகு இன்னொரு மருத்துவர், எங்கே வலிக்கிறது என்பதை விட எப்போது வலிக்கிறது என்று துருவித் துருவிக் கேட்டார். டிஸ்க் வலி பொதுவாக ஓய்வில் தணியும். எனக்கு நேர்மாறு. எம்ஆர்ஐ எடுத்ததில் இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடிப்பகுதியும் சேரும் மூட்டில் அழற்சி தெரிந்தது. நோயின் பெயர் அங்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். முதுகெலும்பு இறுக்க வாதம் என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்கிவிடும். தசைநாண்கள் எலும்பில் போய் ஒட்டுகிற இடங்கள் அழற்சியில் கனலும். உடம்பு அதை ஆற்றப் போய், வேண்டாத இடத்தில் புது எலும்பை வளர்த்துவிடும். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, எக்ஸ்ரேயில் கணு வைத்த மூங்கில் மாதிரி தெரியும்.

லண்டனில் நர்ஸாக இருக்கும் என் சித்தி மகள் (எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் இப்படி எங்காவது இருப்பார்) போனில் விசாரித்துவிட்டு, "மருந்தோடு சேர்த்து மாவுச்சத்தையும் குறைச்சுப் பாருங்கண்ணே, இங்கே சில பேர் அப்படித்தான் சாப்பிடுறாங்க" என்றாள். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, கிழங்கு, எதுவும் கூடாது. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் குற்றச்சாட்டு லண்டன் போய்ச் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. பள்ளியில் வேதியியல் சொல்லித்தருகிறவன் என்பதால், சாட்சியம் எவ்வளவு தேறும் என்று பார்த்துவிடலாம் என உட்கார்ந்தேன்.

வழக்கு 1973-இல் தொடங்குகிறது. லண்டனிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டன. இந்த நோய் உள்ளவர்களில் 100-க்கு 90 பேர் அளவில் எச்எல்ஏ-பி27 என்ற மரபணு வகை இருந்தது. ஐரோப்பிய மக்களில் பொதுவாக 100-க்கு 8 பேர் போலத்தான் அதைக் கொண்டவர்கள். இந்த மரபணு உண்டாக்கும் புரதம் நம் செல்லின் மேல்புறத்தில் உட்கார்ந்து, உள்ளே கிடைக்கும் புரதத் துணுக்குகளைத் தூக்கிக் காட்டுகிற வேலையைச் செய்கிறது. ரோந்து வரும் நோய் எதிர்ப்பு செல்கள் துணுக்கைப் பார்த்து, உள்ளே இருப்பது நம் ஆளா வெளியாளா என்று முடிவு செய்யும். ஆனால் பி27 உள்ளவர்களில் நோய் வருவது மிகச் சிலருக்குத்தான். என் அண்ணனுக்கும் அது இருக்கிறது. அவர் இன்னும் தென்னை மரம் ஏறுகிறார். அப்படியானால் திரியைக் கொளுத்துவது வேறு ஏதோ.

லண்டன் கிங்ஸ் காலேஜில் இருந்த ஆலன் எப்ரிங்கர் என்ற நோய் எதிர்ப்பியல் அறிஞர் கை நீட்டியது குடலில் வாழும் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவை. நோய் முற்றியிருக்கும் சமயத்தில் நோயாளிகளின் மலத்தில் இது அதிகம் தென்படுகிறது, ரத்தத்தில் இதற்கு எதிரான எதிர்ப்பொருள்களும் கூடுகின்றன என்று 1970-களிலிருந்து அவர் குழு எழுதிவந்தது. 1987-இல் அமெரிக்காவில் வேறொரு குழு, கிளெப்சியெல்லாவின் ஒரு நொதியிலும் பி27 புரதத்திலும் ஆறு அமினோ அமிலங்கள் அதே வரிசையில் வருவதைக் காட்டியது. அதாவது ஆள்மாறாட்டம். பாக்டீரியாவைத் தேடிப் போகும் எதிர்ப்பொருள், முகம் ஒத்துப்போவதால் நம் சொந்தத் திசுவையே பிடித்து அடிக்கிறது என்பது வாதம்.

இதில் கிழங்கு எங்கே வருகிறது? அவித்த மரச்சீனி ஒரு துண்டை வாயில் போட்டு, விழுங்காமல் மென்றுகொண்டே இருங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் லேசாக இனிக்கும். பச்சைக் கிழங்கில் கால் பங்குக்கு மேல் மாவுச்சத்துதான், பாக்கி பெரும்பாலும் தண்ணீர். மாவுச்சத்து என்பது சர்க்கரை மணிகளைக் கோத்த மாலை. சில மாலைகள் நேராக ஓடும், பெரும்பாலானவை கிளை கிளையாகப் பிரியும். உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் என்ற நொதி நேரான இணைப்புகளை வெட்டுகிறது. அந்த இனிப்பு அதுதான். கிளை பிரியும் கணுவை வெட்ட சிறுகுடலின் உட்சுவரில் வேறு நொதி காத்திருக்கிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் மாவு சர்க்கரையாகி, பெருங்குடல் வருவதற்கு முன்பே ரத்தத்தில் சேர்ந்துவிடும். ஆனால் முழுவதும் சேராது. ஒரு பங்கு தப்பித்துக் கீழே இறங்கும். அங்கே பாக்டீரியாக்கள் பந்தி போட்டு உட்கார்ந்திருக்கின்றன. கிளெப்சியெல்லாவிடம் புல்லுலனேஸ் என்ற நொதி உண்டு, கிளைக் கணுக்களை வெட்டுவதில் அது சூரன். கிழங்கு நிறைய இறங்கினால் அது பெருகும், பெருகினால் எதிர்ப்பொருள் கூடும், கூடினால் முதுகு பிடிக்கும். சங்கிலி முடிந்தது.

பெருங்குடலில் மாவு புளிக்கும்போது ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் உண்டாகின்றன என்பது சந்தேகமில்லாத உண்மை. கொஞ்சம் ஹைட்ரஜன் ரத்தத்தில் கலந்து மூச்சுக்காற்றில்கூட வெளியேறும், அதை அளக்கும் பரிசோதனையே இருக்கிறது. ஆகவே கிழங்கு வாயு என்பதில் அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அந்த வாயு முதுகெலும்பில் போய் உட்காருவதில்லை, அவ்வளவுதான்.

1996-இல் எப்ரிங்கரும் வில்சன் என்பவரும் இந்த உணவு முறை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ரொட்டி, உருளைக்கிழங்கு, கேக், பாஸ்தா ஆகியவற்றைக் குறைத்தால் ரத்தத்தில் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளின் மொத்த அளவு இறங்குகிறது, நோயாளிகளுக்கு அழற்சியும் வேதனையும் குறைகின்றன என்று அதில் இருந்தது. மேலும் ஆராய வேண்டும் என்று முடித்திருந்தார்கள். சங்கடம் என்னவென்றால், யார் எந்த உணவுக் கூட்டத்தில் சேருவது என்று சீட்டுப் போட்டுப் பிரித்து, பெரிய எண்ணிக்கையில் ஒப்பிட்டு இதை நிரூபித்த ஆய்வு அதன் பிறகும் வரவில்லை.

சங்கிலியைக் கண்ணி கண்ணியாக இழுத்துப் பார்த்தால் சில கண்ணி நன்றாகத் தாங்குகிறது. பி27 மரபணுவைப் புகுத்திய எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தபோது, அவற்றுக்குக் குடல் அழற்சியும் மூட்டு அழற்சியும் வரவில்லை என்று 1994-இல் காட்டினார்கள். இந்த நோயாளிகள் பலருக்கு வயிற்றில் எந்தத் தொந்தரவும் தெரியாமலே, நுண்ணோக்கியில் பார்த்தால் குடல் சுவரில் அழற்சி இருக்கிறது. ஆக, குடலுக்கும் முதுகுக்கும் உறவு உண்டு. கிளெப்சியெல்லா என்ற கண்ணிதான் ஆடுகிறது. மற்ற ஆய்வகங்கள் தேடியபோது ஒரே மாதிரி விடை கிடைக்கவில்லை. குடல் பாக்டீரியாக்களின் மரபணுவை மொத்தமாகப் படிக்கும் இன்றைய முறைகளில் பல இனங்களின் அளவு மாறியிருப்பது தெரிகிறதே தவிர, குற்றவாளி இது ஒன்றுதான் என்று சொல்ல முடியவில்லை. ஆறு எழுத்து ஒத்துப்போவதும் பெரிய சாட்சி ஆகாது. ஆயிரக்கணக்கான புரதங்களில் தேடினால் அப்படி நிறையக் கிடைக்கும்.

எனக்குப் பெரிய குழப்பம் பழைய சோற்றில்தான் வந்தது. சோறு வேகும்போது மாவு மணிகள் தண்ணீர் குடித்து உப்பி விரியும், நொதிகள் எளிதாக உள்ளே புகும். ஆறியதும் சில மாலைகள் மறுபடி நெருங்கி அடுக்கிக்கொள்ளும். அங்கே அமிலேஸுக்கு வழியில்லை. எனவே சுடுசோற்றை விடப் பழையதில்தான் பெருங்குடல் வரை தப்பித்துப் போகும் மாவு அதிகம். எப்ரிங்கர் சொன்னபடி பார்த்தால் பழையது முதல் எதிரி. ஆனால் அப்படித் தப்பித்துப் போன மாவை மற்ற சில பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான தீனி அதுதான். அழற்சியை அடக்குகிற நோய் எதிர்ப்பு செல்கள் வளரவும் அது உதவுகிறது. ஆக, அந்த மாவு முதுகுக்கு நன்மையா தீமையா என்பது, அன்றைக்குப் பந்தியில் முதலில் கை வைத்தவர் யார் என்பதைப் பொறுத்தது. ஒரே கட்டுப்பாடு ஒருவருக்குக் கேட்பதும் அடுத்தவருக்குக் கேட்காததும் இதனால்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இது சந்தேகம் மட்டும்தான்.

சரி, சாப்பாட்டில் மாவு எங்கெங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. புண்ணுக்குப் போடும் பழுப்பு நிற அயோடின் மருந்து போதும். தண்ணீரில் கலந்து ஒரு சொட்டு விட்டால், மாவுச்சத்தின் நேர் மாலை சுருள் சுருளாக இருப்பதால் அயோடின் அதற்குள் நுழைந்து நீலக் கறுப்பாகிவிடும். மரச்சீனி மையாகிப் போனது. சக்கைக்கொட்டையும் (பலாக்கொட்டை) அப்படியே. தேங்காய்த் துண்டில் சொட்டு பழுப்பாகவே நின்றது, உள்ளியிலும் (சின்ன வெங்காயம்) அப்படித்தான். முந்திரிப்பருப்பு கறுத்தது. ஏத்தங்காய் (நேந்திர வாழைக்காய்) கன்னங்கரேல் என்றானது, நன்றாகப் பழுத்த ஏத்தன் பழம் திட்டுத் திட்டாக. காய் பழுப்பது என்றால் மாவு சர்க்கரையாவதுதானே; ஏத்தனில் அது முழுசாக முடிவதில்லை. அப்புறம் ஒரு வேகத்தில் வலி மாத்திரையை உடைத்து அதிலும் விட்டேன். கறுத்தது. மாத்திரையைக் கட்டியாகப் பிடித்து வைக்க மாவு சேர்ப்பது வழக்கம். (சோதித்ததைத் தின்னக் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை.)

இந்த ஊரில் மாவைக் குறைப்பது என்பது வரலாற்றோடு மல்லுக்கட்டுவது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனி பயிரிடுவதை ஊக்குவித்தார். 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, பலரை உயிரோடு வைத்திருந்தது இந்தக் கிழங்குதான். அதை வைரி என்று சொன்னால் பாட்டி ஆவி மன்னிக்காது. ஆனாலும் முயன்றேன். சோற்றுக்குப் பதில் முருங்கைக்கீரைத் துவரன், முட்டை, தேங்காய் அரைத்த மீன் கறி, வெள்ளரிக்காய் போட்ட மோர்க்கறி. சாளை மீனும் அயிலை மீனும் நிறைய.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஊரில் எல்லா மூட்டு வலிக்கும் பெயர் வாதம்தான். பாட்டியின் தேய்ந்த முழங்கால், யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்குவது, கைவிரல் மூட்டுகளைப் பிடிக்கும் முடக்குவாதம், எல்லாம் வேறு வேறு நோய். மாவுச்சத்துக் கதை முதுகெலும்பு இறுக்க வாதத்துக்காகப் பிறந்தது. யூரிக் அமிலக்காரர் என்னைப் பார்த்து சோற்றை விட்டுச் சாளைக்கு மாறினால், சாளையில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் அதிகம் என்பதால் அன்றிரவே கால் வீங்கலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ வாய்ப்புண்டு. மருந்தை விட்டுவிட்டு உணவை மட்டும் நம்புவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வலி குறைந்துவிட்டது என்பதற்காக எலும்பு ஒட்டுவது நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. மூட்டு மருத்துவர்களின் வழிகாட்டுதல்களில் அழற்சி தணிக்கும் மாத்திரை, உடற்பயிற்சி, அதற்கும் அடங்காவிட்டால் ஊசி என்றுதான் இருக்கிறது. இந்த உணவு முறை அதில் இல்லை.

எனக்கு என்ன நடந்தது? காலையில் எழுந்த பிறகு முதுகு இளக எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு நோட்டில் குறித்துவந்தேன். மூன்று மாதத்தில், ஒரு மணி நேரமாக இருந்தது 20 நிமிடமாகக் குறைந்தது. ஆனால் அதே மூன்று மாதத்தில் உடம்பு ஆறு கிலோ இறங்கியது, மாத்திரை மாறியது, தினமும் குளத்தில் நீந்தவும் ஆரம்பித்திருந்தேன். எதற்குப் பாராட்டு விழா எடுப்பது? நான்காம் மாதம் மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு சோற்றுக்கு மட்டும் திரும்பினேன். 35 நிமிடம் ஆனது. மறுபடி குறைத்தேன், 25. ஏதோ இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. ஆனால் தின்பவனும் நான், வலிக்கிறதா என்று கேட்பவனும் நான், பதில் சொல்பவனும் நான். வகுப்பில் ஒரு மாணவன் இப்படி ஒரு சோதனையை எழுதிக்கொண்டு வந்தால் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் மரச்சீனி, மூன்று துண்டு. அது அம்மாவோடு பேசி முடித்த கணக்கு. அவித்த தண்ணீரை வடித்து, காந்தாரி மிளகும் உள்ளியும் சதைத்து வைப்பார். வாயு பிடிக்கக் கூடாது என்று பக்கத்துச் சாளைக் கறியில் பெருங்காயப்பொடியைத் தாராளமாகத் தூவுவார். போன வாரம் அந்தப் பொடியிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கறுத்தது, காயத்தோடு மாவு கலந்துதான் விற்கிறார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.