தொடக்கப் பள்ளியில் ஓவிய வாத்தியார் இல்லை, ஊர் இருக்கிறது

தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஆண்டு விழாப் பேச்சு சூடு பிடிக்கும். எந்தப் பாட்டுக்கு யார் ஆடுவது, உடையை எந்தக் கடையில் வாடகைக்கு எடுப்பது, ஒலிபெருக்கிக்கு யார் பணம் தருவது என்று வாரக்கணக்கில் ஓடும். நன்றாக ஆடக்கூடிய எட்டுப் பத்துப் பிள்ளைகள் முன்வரிசைக்கு வந்துவிடுவார்கள். மீதிப் பேர் பாயில் உட்கார்ந்து கை தட்டுவார்கள். உடை வாடகை கொடுக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளை யாரும் கேட்பதற்கு முன்பே, "எனக்கு ஆடப் பிடிக்காது சார்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். செய்யாறு, வந்தவாசி வட்டாரங்களில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து வரும் எனக்கு, இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் மனம் கொதிக்கும். ஆறு வயதிலேயே ஆடுகிறவர்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள் என்று பிள்ளைகளை இரண்டாகப் பிரிக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது?

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒரு செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கலைக் கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் அது ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு மட்டும்தான்; அங்கும் 100 பேருக்கு மேல் படித்தால்தான். தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை போன்றவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டதும் அந்த வகுப்புகளுக்காகத்தான். ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைக்கு ஓவியத்துக்கோ பாட்டுக்கோ தனி ஆசிரியர் சட்டப்படியே கிடையாது. 60 பேர் வரை படிக்கும் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அந்த இருவர்தான் ஐந்து வகுப்பையும், பதிவேடுகளையும், கைப்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டிய விவரங்களையும் பார்க்க வேண்டும். விரல்கள் இளகும் வயதில், கூச்சம் இன்னும் வந்து சேராத வயதில் கலை ஆசிரியர் இல்லை. எல்லாம் இறுகிப்போன பிறகு வருகிறார்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். சிறு வகுப்புகளில் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்க 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பாட்டையும் கதையையும் பொம்மலாட்டத்தையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு மேல்வகுப்புகளுக்காகத் தொடங்கிய கலைத் திருவிழா என்ற கலைப் போட்டி 2024-25இல் தொடக்க வகுப்புகளுக்கும் வந்தது. இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் போட்டி என்றால் பள்ளியிலிருந்து ஒருவர் மேலே போவார், மற்றவர்கள் அவரை வழியனுப்புவார்கள். வழியனுப்பிய பிள்ளைகளுக்கு அடுத்த நாள் காலையில் என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

என் அனுபவத்தில் அதற்கு விடை பள்ளிச் சுவருக்கு வெளியே இருக்கிறது. கலை தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களைப் பள்ளிக்குள் அழைத்துவந்து உட்கார வைக்கத்தான் ஆள் இல்லை.

எங்கள் பகுதி தெருக்கூத்துப் பூமி. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாளில் படுகளம். இருபது முப்பது அடி நீளத்துக்குத் துரியோதனனை மண்ணால் செய்து தரையில் கிடத்தியிருப்பார்கள். அதைச் சுற்றி ஓடாத பிள்ளை எங்கள் பள்ளியில் கிடையாது. "உங்களுக்குப் பிடித்த ஒன்றை வரையுங்கள்" என்றால் மலை, நடுவில் சூரியன், இரண்டு தென்னை மரம், ஒரு குடிசை என்று எல்லாத் தாள்களும் ஒரே மாதிரி வரும். "படுகளத்தை வரையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். துரியோதனன் தாளை விட்டு வெளியே போவான். ஒரு பிள்ளை அவன் மீசையை மட்டும் வரையும். இன்னொன்று பலூன் கடையை வரைந்து, மூலையில் ஒரு காலை மட்டும் காட்டும். இவை அந்தந்தப் பிள்ளை தன் கண்ணால் பார்த்தவை.

கூத்து வாத்தியார் ஒருவரை வாரம் ஒரு பிற்பகல் வரவழைத்தால் போதும், நிறைய நடக்கும். கல்யாண முருங்கை மரத்தில் கடைந்து கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடத்தையும் புஜக்கட்டையையும் பிள்ளைகள் தூக்கிப் பார்ப்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டே வரக் கற்பார்கள். எல்லோருக்கும் கூத்தை நடத்திச் சிரிக்க வைக்கும் கட்டியக்காரன் வேடம்தான் வேண்டும். ராஜாவையே கேள்வி கேட்கிறவன் அல்லவா! வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை கட்டியக்காரனாக நின்று சபையைப் பார்த்துப் பேசுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அப்படிப் பேசிய பிள்ளை அடுத்த வாரம் தமிழ்ப் பாடத்தையும் உரக்க வாசிக்கும். கூத்தில் குரலை எங்கே ஏற்றுவது, எங்கே நிறுத்துவது என்று பழகிய வாய்க்கு நிறுத்தக்குறிகளைத் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

கூத்து இல்லாத ஊரிலும் ஆள் இருக்கிறார்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்து, மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் பள்ளி நாளில் விடிந்ததும் வந்து சமைக்கிறார்கள். பெரும்பாலும் அங்கே படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள். அவர்கள் கையில் கோலம் இருக்கிறது. நடுவில் ஏழு புள்ளி, இருபுறமும் ஊடுபுள்ளி, நான்கில் நிறுத்து. மொத்தம் எத்தனை புள்ளி? நான்காம் வகுப்புப் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணி, பிறகு கூட்டிப் பார்த்து, 37 என்று கத்துவார்கள். ஐந்தில் தொடங்கினால் எத்தனை, ஒன்பதில் தொடங்கினால் எத்தனை என்று தாங்களே தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். சமச்சீரை இதைவிட எளிதாகக் கற்பிக்கும் வழி எனக்குத் தெரியாது. ஆண் பிள்ளைகளையும் கோலம் போட வையுங்கள். முதல் நாள் சிரிப்பார்கள், இரண்டாம் நாள் சிக்குக் கோலம் கேட்பார்கள்.

வண்ணத்துக்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. அடுப்புக்கரி, செங்கல் துண்டு, பசலைப் பழம், மஞ்சள் எல்லாம் வீட்டிலேயே கிடைக்கும். மஞ்சள் கரைசலில் சுண்ணாம்பு கலந்ததும் சிவப்பாக மாறுவது பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் அதிசயம். ஆனால் சுண்ணாம்பைப் பெரியவர்கள் மட்டுமே கையாள வேண்டும். கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். தப்பித் தவறிப் பட்டுவிட்டால், கண்ணைத் திறந்து வைத்துச் சுத்தமான தண்ணீரால் நிறுத்தாமல் கழுவிக்கொண்டே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பெற்றோரிடம் இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளை வரையும் மனிதனுக்கு உடம்பு இருக்காது, தலையிலிருந்தே கால் நீளும். ஆறேழு வயதில் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு வரும், உச்சியில் நீலப் பட்டையாக வானம் வரும், நடுவில் வெள்ளையாகவே இருக்கும். பஸ்ஸின் பக்கச் சுவர் வழியே உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆட்கள் தெரிவார்கள். பாட்டி வீட்டைவிட உயரமாக இருப்பாள், ஏனென்றால் அந்தப் பிள்ளைக்குப் பாட்டிதான் முக்கியம். இவற்றில் எதுவும் தவறு இல்லை. எல்லா ஊர்ப் பிள்ளைகளும் ஏறக்குறைய இதே படிகளில்தான் ஏறி வருகிறார்கள். "வானம் கீழே வரைக்கும் வரணும்டா" என்று நீங்கள் பென்சிலைப் பிடுங்கித் திருத்தினால், அடுத்த முறை தாளை உங்களிடமே நீட்டி "நீயே போட்டுக் கொடு" என்று சொல்லும். அச்சடித்த கிளிப் படத்துக்குள் கோடு தாண்டாமல் பச்சை அடிக்க வைப்பதும் விரலுக்குக் கொஞ்சம் பயிற்சிதான். ஆனால் அந்தக் கிளியை அந்தப் பிள்ளை எங்கும் பார்க்கவில்லை.

"இது என்ன, கோழியா?" என்று கேட்காதீர்கள். "இதில் என்ன நடக்கிறது?" என்று கேளுங்கள். சொல்வதை அதன் வாய்மொழியிலேயே படத்துக்குக் கீழே எழுதிக் கொடுங்கள். ஒன்றாம் வகுப்பில் நாங்கள் இதைத்தான் முதல் வாசிப்புப் பாடமாக வைக்கிறோம். பாடநூலில் திணறும் பிள்ளை, "எங்க ஆடு குட்டி போட்டுச்சு" என்ற தன் வரியைத் திணறாமல் வாசிக்கும். வண்ணக்குச்சி உடைந்துபோனால் தூக்கி எறிய வேண்டாம். சிறு துண்டை உள்ளங்கையால் பிடிக்க முடியாது என்பதால் மூன்று விரல்களும் தாமாகவே சரியான பிடிக்கு வந்துவிடும். இலையை மீண்டும் மீண்டும் பழுப்பாகவே தீட்டும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத குறை ஆண் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. ஒரே ஒரு கறுப்புப் படத்தை வைத்துக்கொண்டு பிள்ளையின் மனத்தில் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டவும் வேண்டாம். கறுப்பு மட்டும்தான் கையில் இருந்திருக்கலாம். ஆனால் படத்தைக் காட்டிப் பேசும்போது பயமுறுத்தும் செய்தி எதையாவது பிள்ளை சொன்னால், கேட்டதை அப்படியே நம்புங்கள், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

பறையைப் பற்றிப் பேசாமல் கிராமப் பள்ளியில் கலையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. சிறப்பு விருந்தினர் வரும் நாளில் காலனித் தெருப் பிள்ளைகளிடம் பறையைக் கொடுத்து வாசலில் நிறுத்துவதும், ஊர்த் தெருப் பிள்ளைகளைக் கோலாட்டத்துக்கு மேடையில் ஏற்றுவதும் இன்னும் நடக்கின்றன. "அவர்களுக்குத்தானே நன்றாக வரும்" என்று சொல்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சாவு வீட்டில் அடிக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்ட குடும்பங்கள் போராடி அந்தக் கட்டாயத்திலிருந்து வெளியே வந்திருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளையின் தோளில் பள்ளியே பறையை மாட்டுவது அநீதி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அதற்காகப் பறையை ஒதுக்கிவிடவும் கூடாது, அவ்வளவு அருமையான கருவி அது. முதலில் காலனிப் பெற்றோரிடம் போய் உட்கார்ந்து பேச வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். சரி என்றால், எல்லாத் தெருப் பிள்ளைகளும் கலந்துதான் கற்க வேண்டும். கற்பிக்க வரும் கலைஞருக்கு மற்ற ஆசிரியர்களுக்குப் போடும் அதே நாற்காலி, அதே தேநீர்க் குவளை, நேரத்துக்கு ஊதியம். பிள்ளைகள் அவரை "சார்" என்றே அழைக்க வேண்டும். தோலை நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்றுவதை அவர் காட்டும்போது ஐந்தாம் வகுப்பு அறிவியல் பாடம் தானாக நடக்கும். அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் இரண்டு கையில் இரண்டு கணக்கில் ஓட, தாளம் பிடிபடும். "எங்கள் பிள்ளை மாட்டுத் தோலைத் தொடுவதா?" என்று ஊர்த் தெருவிலிருந்து யாராவது கேட்டால் அமைதியாகப் பதில் சொல்லுங்கள்: கச்சேரி மேடையில் இருக்கும் மிருதங்கத்திலும் மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும்தான் இருக்கின்றன.

வெளியிலிருந்து யார் வந்தாலும், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், வகுப்பு ஆசிரியர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பிள்ளைகளைத் தனியாக ஒப்படைக்கக் கூடாது. நல்ல கலைஞர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

பள்ளி மேலாண்மைக் குழு இதற்கெல்லாம் சரியான இடம். சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். கழிப்பறையும் சுற்றுச்சுவரும் பேசப்படும் அந்தக் கூட்டத்தில் கலைக்கும் ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள். யாரை அழைப்பது, எத்தனை நாள், எவ்வளவு ஊதியம், பணம் எங்கிருந்து என்று பதிவேட்டில் எழுதிவிடுங்கள். சால்வை போர்த்திப் படம் எடுத்து அனுப்பிவைப்பது கூலி ஆகாது. ஆண்டு விழா உடைக்கு வீட்டுக்கு வீடு வசூலிக்கும் பணத்தைச் சேர்த்து வைத்தாலே ஒரு கலைஞரைச் சில மாதங்களுக்கு வரவழைத்துவிடலாம். மேடையில் பள்ளிச் சீருடையிலேயே எல்லாப் பிள்ளைகளும் ஏறட்டும்.

நாள் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். பங்குனியிலிருந்து ஆடி வரை கூத்துக் கலைஞர்கள் இரவெல்லாம் விழித்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார்கள். அப்போது அழைத்தால் வர முடியாது, வந்தாலும் களைத்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் அவர்களுக்கு ஆட்டம் குறைவு, கையில் காசும் குறைவு. பள்ளிக்கு அப்போதுதான் இரண்டாம் பருவம். ஆவணிக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுத் தேதி வாங்கிவிட்டால் இருவருக்கும் நல்லது.