போனை அழிச்சிட்டு வராதீங்க

"மேடம், எல்லாத்தையும் அழிச்சுப்புட்டேன், இப்ப போன்ல ஒண்ணுமே இல்ல." அந்த அம்மா உள்ள வரும்போதே இதத்தான் சொன்னாங்க. கடல்ல பாசி எடுக்கப் போறப்ப தண்ணி படாம இருக்க போனுக்கு சுத்துற பாலித்தீன் கவர் இருக்குல்ல, போன் இன்னும் அதுக்குள்ளயேதான் இருந்துச்சு. பின்னாடி அவங்க பையன், 13 வயசு, தலையே நிமிரல.

பாம்பன்ல இருந்து தொண்டி வரைக்கும் இந்தக் கடற்கரை ஊர்கள்ல பிள்ளைங்களுக்கு கவுன்சிலிங் குடுக்குறது என் வேலை. ஊரு, வயசு, அடையாளம் எல்லாம் மாத்தித்தான் எழுதுறேன், நடந்த விதம் மட்டும் அப்படியே.

ஒரு கேம்ல பழக்கமான ஆளு. பையன் அவன "அண்ணன்"னுதான் சொல்றான். கேம்ல பொருள் வாங்க உதவுற டைமண்ட் வாங்கித் தரேன்னு சொல்லி ரெண்டு தடவ நிஜமாவே வாங்கிக் குடுத்திருக்கான், அதுலதான் பையன் முழுசா நம்பிட்டான். அப்புறம் வேற ஆப்புக்கு வான்னு கூப்ட்டு, மொதல்ல முகம், அப்புறம் சட்ட இல்லாம, அப்புறம் அதுக்கும் மேலன்னு போட்டோ வாங்கிட்டு, கடைசில "காசு அனுப்பு, இல்லன்னா உன் ஸ்கூல் குரூப்ல போட்ருவேன்"னு மிரட்டல். மூணு வாரம் அந்தப் பையன் சரியா சாப்பிடல. ஆம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் நடக்காதுன்னு நெனைக்கிறவங்க இன்னும் நிறைய பேர் இருக்காங்க, தயவுசெஞ்சு அந்த நெனப்ப விடுங்க, பிள்ளைங்கள பாலியல் குற்றத்துல இருந்து காப்பாத்துற போக்சோ சட்டத்துக்கு ஆண் பெண் பேதம் கிடையாது, 18 வயசுக்குக் கீழ யாரா இருந்தாலும் குழந்தைதான்.

அம்மா என்ன பண்ணிட்டாங்கன்னா, நேரா மொபைல் கடைக்குப் போய் போன மொத்தமா ரீசெட் போட்டுட்டாங்க. சிம்மையும் ஒடிச்சுப் போட்டாச்சு. "இவுக அப்பா கடலுக்குப் போயிருக்காக மேடம், திரும்பி வந்து போனப் பாத்தாகன்னா பையன உயிரோட விட மாட்டாக." அந்த பயம் எனக்குப் புரியுது. ஆனா அந்த ஆளோட ஐடி, நம்பர், மிரட்டல் மெசேஜ் எல்லாம் அதோட போச்சு. போலீஸ்ட்ட போனா மொதல் கேள்வியே ஐடி என்னங்கறதுதான்.

கொஞ்ச நேரம் எதுவும் கேக்காம சும்மா உக்காந்திருந்தேன். அப்புறம் பையனே பைக்குள்ள கைய விட்டு கணக்கு நோட்ட எடுத்தான், கடைசிப் பக்கத்துல பென்சில்ல ஒரு நீள நம்பர். "மிஸ், இது அந்த அண்ணனோட கேம் ஐடி, அம்மா போன வாங்கி வச்சுக்கிட்டா மறந்துரும்னு எழுதி வச்சேன்." அந்த ஒத்த நம்பர வச்சுத்தான் ராமநாதபுரம் சைபர் கிரைம்ல புகார் குடுத்தோம்.

இத ஏன் இவ்ளோ நீளமா சொல்றேன்னா, நம்ம நாட்லயும் மத்த நாடுகள்லயும் பிள்ளைங்கள காப்பாத்த ஒரு சங்கிலி ஓடிக்கிட்டு இருக்கு, அதோட மொதக் கண்ணி நம்ம வீட்லதான் இருக்கு. அமெரிக்கக் கம்பெனிகளோட ஆப்புல பிள்ளைங்களோட ஆபாசப் படம் இருக்கிறது தெரிய வந்தா அந்த நாட்டுச் சட்டப்படி, காணாமப் போன, சுரண்டப்பட்ட பிள்ளைங்களுக்காக அங்க இருக்குற என்சிஎம்இசி மையத்துக்கு அவங்க சொல்லியே ஆகணும், 2019-ல நம்ம தேசிய குற்ற ஆவணக் காப்பகம் அந்த மையத்தோட ஒப்பந்தம் போட்டதுக்கு அப்புறம் இந்தியா சம்பந்தப்பட்ட தகவல் டெல்லி வழியா மாநிலப் போலீசுக்கு வந்துருது. அப்படி வந்த ஒரு தகவல்ல ஆரம்பிச்சதுதான் சென்னை அம்பத்தூர் வழக்கு. அந்த மாதிரி படத்த டவுன்லோட் பண்ணிப் பாத்தது மட்டும் குற்றம் ஆகாதுன்னு 2024 ஜனவரில சென்னை ஐகோர்ட் சொன்னத, அதே வருஷம் செப்டம்பர் 23 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணுச்சு. 2022 செப்டம்பர்ல இதே மாதிரி படங்களுக்காக சிபிஐ நாடு முழுக்க சோதனை போட்டதுக்கும் நியூசிலாந்து போலீஸ் குடுத்த தகவல்தான் மூலம், அது பல நாட்டுப் போலீசும் சேந்திருக்குற இன்டர்போல் அமைப்போட சிங்கப்பூர் பிரிவு வழியா வந்துச்சு.

தனுஷ்கோடி பக்கம் போனா சில நேரம் போன் இலங்கை டவர எடுத்துக்கும்ல, அதுக்கு எல்லை தெரியாது. மிரட்டுறவனுக்கும் எல்லை கிடையாது, போலீசுக்கு மட்டும்தான் எல்லை இருக்கு. சாட்ல என்ன பேசினான்னு அமெரிக்கக் கம்பெனிகிட்ட இருந்து வாங்கணும்னா 2005-ல நடைமுறைக்கு வந்த ரெண்டு நாட்டு சட்ட உதவி ஒப்பந்தம் வழியாப் போகணும், அதுக்கு மாசக்கணக்கா ஆகும். இந்த எடத்துலதான் நாடுகள் இன்னும் வேகமா கை கோக்கணும்னு நான் நெனைக்கிறேன், பத்து நாள்ல அழிஞ்சு போற சாட்சிய பத்து மாசம் கழிச்சு கேட்டு என்ன பண்றது?

ஆஸ்திரேலியால 2025 டிசம்பர் 10-ல இருந்து 16 வயசுக்குக் கீழ சோசியல் மீடியா கணக்கு வச்சுக்கக் கூடாதுன்னு ஆக்கிட்டாங்க, இங்கயும் கொண்டு வரணும்னு நிறைய பேர் கேக்குறாங்க. நம்ம 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டமும் 18 வயசுக்குக் கீழ இருந்தா பெத்தவங்க சம்மதம் வேணும்னுதான் சொல்லுது. நல்ல சட்டந்தான். ஆனா இந்தக் கடற்கரைல வீட்டுக்கு ஒரே போன், அது அம்மா பேர்ல, அந்த போனுக்கு வர்ற ஓடிபிய எடுத்துப் போடுறதே பையன்தான், ஏன்னா அம்மாவுக்கு அத எங்க போடணும்னு தெரியாது. கீழக்கரைல அப்பா வளைகுடால இருக்காரு, தங்கச்சிமடத்துல அப்பா கடல்ல இருக்காரு. சட்டம் போடுறவங்க இந்த ஒத்தப் போன் வீட்ட மனசுல வச்சுக்கிட்டு போடணும்.

நீங்க செய்ய வேண்டியது இதுதான். பிள்ளை சொன்ன உடனே அடிக்காதீங்க, "நீ சொன்னது நல்லது"ன்னு மட்டும் சொல்லுங்க. காசு குடுக்காதீங்க, குடுத்தா இன்னும் கேப்பான். சாட்ட அழிக்காதீங்க, ஐடி, நம்பர், தேதி எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி வச்சுட்டு பிளாக் பண்ணுங்க. ரொம்ப முக்கியம், அந்தப் படத்த சாட்சிக்குன்னு சொல்லி மாமாவுக்கு, சித்தப்பாவுக்குன்னு யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணிராதீங்க, அதுவே குற்றம், போன அப்படியே போலீஸ் கையில குடுங்க. பிள்ளைங்களுக்கான உதவி எண் 1098-க்கு எந்நேரமும் கூப்பிடலாம். காசு போயிருந்தா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. ஸ்டேஷனுக்குப் பிள்ளைய இழுத்துட்டுப் போகணும்னு பயப்படாதீங்க, போக்சோ 24-வது பிரிவுப்படி வாக்குமூலத்த வீட்டுக்கே வந்து, யூனிஃபார்ம் இல்லாமத்தான் எடுக்கணும், பிள்ளைய ராத்திரி ஸ்டேஷன்ல வைக்கவும் கூடாது. படம் பரவிரும்னு பயம்னா அதே அமெரிக்க மையம் நடத்துற டேக் இட் டவுன் சேவை இருக்கு, படத்த எங்கயும் அனுப்ப வேண்டாம், நம்ம போன்லயே அதுக்கு ஒரு கைரேகை மாதிரி எண் உருவாகும், சேந்திருக்குற கம்பெனிகள் அத வச்சு தடுப்பாங்க.

அந்தப் பையன் இப்ப ஸ்கூலுக்குப் போறான். ஆளு இன்னும் சிக்கல. அவங்க அப்பா கரைக்கு வந்ததும் நானே போய்ப் பேசினேன், ஒரு வார்த்தையும் பேசாம வலைய மடிச்சுக்கிட்டே கேட்டாரு, கடைசில "அந்த நோட்டு எங்க இருக்கு, பத்திரமா வச்சிருக்கானா?"ன்னு மட்டும் கேட்டாரு.

ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் போட்டுக்காரங்க கரைலதான் இருப்பாங்க, பிள்ளைங்களுக்கும் லீவு, போன் நாள் முழுக்க அவங்க கையிலதான். அப்ப ஊர்த் தலைவருங்க யாராவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினா போதும், வலை பாக்குற எடத்துக்கே வந்து அப்பாமாருங்ககிட்ட பேசுறேன்.