வேரிகேட்டட்டுக்கு நம்மூர்ல ஒரு சொல் இருக்குதுங்க

கோயமுத்தூர் நர்சரிகள்ல இப்ப யாரும் வெறும் மணி பிளான்ட் கேக்கறதில்லீங்க, 'வேரிகேட்டட் இருக்குங்களா'ன்னுதான் கேக்கறாங்க. பச்சை இலைல வெள்ளையோ மஞ்சளோ திட்டுத்திட்டா, தெளிச்ச மாதிரி, கோடு போட்ட மாதிரி வந்தா அது வேரிகேட்டட். சொல்லு லத்தீன்ல இருந்து வந்தது, 'வேரியஸ்'னா பலவிதமான, 'அகெரே'ன்னா செய்யறது, ரெண்டும் சேந்து பலநிறமாக்கறதுன்னு அர்த்தம். நம்ம மணி பிளான்டோட தாவரவியல் பேரு எபிப்ரெம்னம் ஆரியம், அதுல 'ஆரியம்'ங்கறதும் லத்தீன்தான், பொன்னிறம்னு பொருள். சொந்த ஊரு பசிபிக் கடல்ல இருக்கற மோரியா தீவு.

தமிழ்ல என்ன சொல்றதுன்னு ரொம்ப நாளா தேடிட்டு இருந்தேன். 'பலவண்ண இலை'ன்னா குரோட்டன்ஸ் ஞாபகம்தான் வருது, 'வரியிலை'ன்னா கோடு இருக்கறதுக்கு மட்டும் சரி.

போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த மாமா, ஜன்னல்ல தொங்கற மார்பிள் குயீனை, அதான் வெள்ளைத் திட்டு உழுந்த மணி பிளான்ட் ரகத்தைப் பாத்ததும் 'தேமல் உழுந்துருச்சு கண்ணு, புடுங்கி வீசு'ன்னுட்டாரு. அவரு குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, வெள்ளாமை பண்றவரு, அவருக்கு எலைல மஞ்சத்திட்டு வந்தா தேமல்தான், வெள்ளை ஈ பரப்பற வைரஸ் நோய், எலை சுருண்டு கிழங்கு சிறுத்துப் போயிரும். அதனால தேமல்ங்கற சொல்லை இதுக்கு வைக்கவே கூடாது. ரெண்டும் குச்சியை வெட்டி நட்டா கூடவே வரும், அதுவரைக்கும் ஒண்ணுதான், ஆனா தேமல் பக்கத்துச் செடிக்குத் தொத்தும், இது தொத்தாது, எலையில சில செல்லுக்குப் பச்சையம் உண்டாக்கற தெம்பு இல்ல, அவ்வளவுதான்.

அப்ப அம்முச்சிதான், அம்மாவைப் பெத்தவங்க, 'தேமல் எங்கடா, இது மறை உழுந்த எலை'ன்னாங்க. எனக்கு அந்த எடத்துல மனசு நெறஞ்சு போச்சு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஒடம்புல வேற நிறத்துல திட்டு இருந்தா மறைம்பாங்க, காரி, மயிலை, செவலைன்னு மாட்டு நிறத்தைச் சொல்ற மாதிரி அதுவும் கட்டுத்தரைச் சொல்லுதான், மாடு கட்டற எடத்துல பொழங்கறது. பள்ளுப் பாட்டுல மாடுகளை வரிசையா சொல்றப்ப செம்மறையன்னு ஒரு பேர் வருமே, அதே மறை. தனியா எழுதினா ஒளியறதுன்னோ வேதம்னோ கொழப்பம் வரும், நிறத்தைச் சேத்துச் சொன்னா வராது. வெள்ளைத் திட்டுக்கு வெண்மறை, மஞ்சளுக்குப் பொன்மறை. மணி பிளான்டைப் பொன்மறைக் கொடின்னு சொல்லிப் பாருங்க, அந்த லத்தீன் பேரோட பொன்னும் அதுக்குள்ளயே வந்துருது.

வளக்கறதுக்கும் இந்தச் சொல்லைப் புரிஞ்சுக்கணும். மறை உழுந்த எடத்துல பச்சையம் இல்ல, பச்சைப் பகுதிதான் மொத்தச் செடிக்கும் சமைக்குது, அதனால சாதாப் பச்சைக் கொடியைவிட இதுக்கு வெளிச்சம் அதிகம் வேணும். கெழக்குப் பக்கம் ஜன்னல் நல்லது, உச்சி வெயில் நேரா அடிச்சா வெள்ளைதான் மொதல்ல கருகும். இருட்டு மூலைல வச்சா புது எலை பச்சையாவே வர ஆரம்பிக்கும், அப்படி வந்தா மறை இருக்கற கடைசிக் கணு வரைக்கும் அந்தக் கொடியை வெட்டிருங்க, உட்டா பச்சைதான் வேகமா வளந்து மத்ததை அமுக்கிரும். முழுசா வெள்ளையா வர்ற கொடியும் நெலைக்காது, பதியம் போட அதை எடுக்காதீங்க. விரல் விட்டுப் பாத்து மேல்மண்ணு காஞ்ச பொறவு தண்ணி ஊத்துங்க, பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்கா நார்த்தூள் கலந்த மண்ணுல ஈரம் ரொம்ப நேரம் நிக்கும், தெனமும் ஊத்தினா வேர் அழுகிரும். சிறுவாணித் தண்ணி வர்ற வீடுன்னா கவலை இல்ல, உப்பு போர் தண்ணின்னா எலை ஓரம் பழுப்பாகும், மழைத்தண்ணி புடிச்சு வச்சு ஊத்துங்க. பதியத்துக்குக் கணு கண்டிப்பா வேணும், வெறும் எலையைத் தண்ணில போட்டா வேர் வந்தாலும் கொடி வராது.

அம்முச்சி ஒரு கணு கேட்டாங்க. பாதிப் பச்சை பாதி வெள்ளையா இருந்த ஒண்ணாப் பாத்து வெட்டி வேர் புடிக்க வச்சுக் குடுத்தேன். கட்டுத்தரைக்குப் பக்கத்துல வைக்கறேன்னாங்க, அங்க வேண்டாங்க அம்முச்சி, இந்த எலைல ஊசி ஊசியா கால்சியம் ஆக்சலேட் இருக்குது, கன்னுக்குட்டி கடிச்சா வாயெல்லாம் எரியும்னு சொல்லி, ஆசாரத்து, அதான் முன்கூடத்து, ஜன்னல்ல எட்டாத ஒசரத்துல தொங்கவிட்டுட்டு வந்தேன்.