பழைய படத்தைக் கிண்டலாக விமர்சித்து வீடியோ போடுகிறீர்களா? சட்டம் தரும் உரிமையும், அதைப் பறிகொடுக்கும் இடங்களும்

தொண்ணூறுகளின் படங்கள், தூர்தர்ஷன் காலத்துத் தொடர்கள், கேபிள் டிவி வந்த புதிதில் பார்த்த மாயாஜாலக் கதைகள். இவற்றை எடுத்துவைத்துக்கொண்டு நெல்லைப் பேச்சில் கிண்டலும் பாசமுமாக விமர்சனம் செய்கிற பிள்ளைகள் அம்பாசமுத்திரம், வள்ளியூர், பாளையங்கோட்டை என்று நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் விழுகிற விதமும் ஒன்றாகத்தான் இருக்கிறது. யூடியூபிலிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. பதறிப்போய் வீடியோவை அழிக்கிறார்கள், அல்லது போனில் யாரோ கேட்ட பணத்தைக் கொடுக்கிறார்கள், அல்லது சேனலையே விட்டுவிடுகிறார்கள். நான் பார்த்த சிலருடைய வீடியோவில் சட்டப்படி ஒரு தவறும் இல்லை. அதை அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சட்டம் சொல்வது சிறியது. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52. ஒரு படைப்பை விமர்சிப்பதற்காக அதிலிருந்து நியாயமான அளவில் எடுத்துக் காட்டுவது பதிப்புரிமை மீறல் ஆகாது. 2012 திருத்தத்துக்கு முன்பு இது எழுத்து, நாடகம், இசை, ஓவியம் போன்றவற்றுக்குத்தான் இருந்தது. திருத்தத்துக்குப் பிறகு கணினி நிரல் தவிர எல்லாப் படைப்புக்கும் உண்டு, சினிமாவும் அதில் அடக்கம். "சினிமா கிளிப்புக்கு இது செல்லாது தம்பி" என்று யாராவது சொன்னால் அவர் பழைய சட்டத்தைப் படித்திருக்கிறார். டிவி ஒளிபரப்பின் துண்டுகளுக்குப் பிரிவு 39 இதே சலுகையைத் தருகிறது. இந்த உரிமைக்கு விண்ணப்பம் கிடையாது, கட்டணம் கிடையாது, யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் பிள்ளைகள் ஏன் தோற்கிறார்கள்? பெரும்பாலும் வீடியோ எடுக்கும்போதே தோற்றுவிடுகிறார்கள்.

"பத்து செகண்டுக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை", "முப்பது செகண்ட் வரை போடலாம்" என்றெல்லாம் சொல்கிறார்களே, அப்படி ஒரு கணக்கு நம் சட்டத்தில் எங்குமே இல்லை. படத்தின் உச்சக்காட்சியை ஐந்து நொடி போட்டாலும் கேள்வி வரலாம். ஒரு நிமிடக் காட்சியை நிறுத்தி நிறுத்தி அலசினால் அது நிற்கவும் நிற்கலாம். அதேபோல வீடியோவுக்குக் கீழே "பிரிவு 107, 1976" என்று ஆங்கிலத்தில் ஒரு பத்தியை ஒட்டிவைக்கிறார்கள். அது அமெரிக்கச் சட்டம். இந்திய நீதிமன்றத்தில் அந்தப் பத்தியால் எந்தப் பயனும் இல்லை. "கிரெடிட் தயாரிப்பாளருக்கே" என்று போடுவது மரியாதைதான், போடுங்கள். ஆனால் அது அனுமதி ஆகாது. படத்தைக் கண்ணாடிபோல இடவலம் மாற்றுவது, குரலைக் கீச்சென்று ஆக்குவது போன்ற வேலைகளை விட்டுவிடுங்கள். ஒளித்துச் செய்த மாதிரி தெரியும், நாளை உங்களுக்கு எதிராகவே காட்டுவார்கள்.

நீதிமன்றம் பார்ப்பது வேறு. 1996-ல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. புகழ்பெற்ற மலையாள நாடகம் ஒன்றை விமர்சித்து, அதன் பகுதிகளையே எடுத்தாண்டு, எதிர் நாடகம் போட்டார்கள். எவ்வளவு எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள், இது மூலப் படைப்போடு சந்தையில் போட்டி போடுமா என்று மூன்று கேள்வியைக் கேட்டுவிட்டு நீதிமன்றம் எதிர் நாடகத்தின் பக்கம் நின்றது. உங்கள் வீடியோவையும் இந்த மூன்றை வைத்து நீங்களே சோதிக்கலாம். உங்கள் வீடியோவைப் பார்த்தவர் "இனிமேல் படத்தைப் பார்க்க வேண்டாம், எல்லாம் இதிலேயே வந்துவிட்டது" என்று சொன்னால் நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள்.

நகைச்சுவை செய்கிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கேலிக்கு என்று நம் சட்டத்தில் தனி விலக்கு கிடையாது. விமர்சனத்துக்கு உண்டு. ஆகவே உங்கள் கேலி அந்தப் படத்தைப் பற்றிய கருத்தாக இருக்க வேண்டும். வில்லன் ஏன் கதாநாயகனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறான், பாம்புத் தொடரில் மாமியார் முகத்தை ஏன் மூன்று முறை வெட்டி வெட்டிக் காட்டினார்கள் என்று கேட்டால் அது விமர்சனம். ஒரு காட்சியை எடுத்து, சம்பந்தமே இல்லாமல் உள்ளூர் அரசியல் வசனத்தை டப்பிங் செய்தால் சிரிப்பு வரும், ஆனால் பிரிவு 52-க்குள் நுழைவது கஷ்டம். நடிகரின் உடம்பையும் சொந்த வாழ்க்கையையும் இழுக்கவே இழுக்காதீர்கள். அது அவதூறு வழக்கில் கொண்டுபோய் விடும், அங்கே பிரிவு 52 உதவிக்கு வராது.

"பழைய படம்தானே, உரிமை போயிருக்கும்" என்பதில் பாதி உண்மை. படம் வெளியான வருடம் முடிந்து அறுபது ஆண்டு வரை உரிமை உண்டு. 1964-ல் வந்த படத்துக்கு 2024 கடைசியோடு முடிந்தது. நாம் கிண்டல் செய்கிற 1985, 1995 படங்கள் எல்லாமே இன்னும் உரிமைக்குள்தான். அறுபது ஆண்டு தாண்டிய படத்திலும் பாட்டு தனி. பாடலாசிரியர், இசையமைப்பாளர் இறந்த பிறகு அறுபது ஆண்டு வரை அவர்கள் படைப்புக்கு உரிமை நீடிக்கும். அப்புறம் தூர்தர்ஷன். "கவர்மெண்ட் டிவி, மக்கள் வரிப்பணம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்று நம்பி முழு எபிசோடை ஏற்றியவர்கள் உண்டு. அரசுப் படைப்புக்கும் அறுபது ஆண்டு உரிமை உண்டு. வெளித் தயாரிப்பாளர் எடுத்த தொடர் என்றால் உரிமை அவர் கையிலேயே இருக்கவும் கூடும். துண்டு எடுத்து விமர்சியுங்கள், முழுசாக ஏற்றாதீர்கள்.

இன்னொரு குழி புதிது. பழைய படங்கள் இப்போது மறுபடி தியேட்டருக்கு வருகின்றன. நம் ஊர்த் தியேட்டர்களில் ஆட்டம் பாட்டம் எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். அதைக் காட்டுகிற ஆசையில் திரையையும் சேர்த்து போனில் பிடிக்கிறார்கள். படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வதற்கு 2023 ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டத்தில் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, குறைந்தது 3 லட்சம் அபராதம். உங்கள் நோக்கம் அதுவல்ல என்று பிறகு நிரூபித்துக்கொண்டு அலைய வேண்டாம். ரசிகர்கள் பக்கம் மட்டும் கேமராவைத் திருப்புங்கள்.

சரி, மின்னஞ்சல் வந்துவிட்டது. முதலில் அது என்ன என்று பாருங்கள். கன்டென்ட் ஐடி (உரிமையாளர் கொடுத்த படம், பாட்டோடு உங்கள் வீடியோவை ஒப்பிட்டுப் பார்க்கிற யூடியூபின் தானியங்கி முறை) வழியாக வரும் கிளைம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள்.

கிளைம் என்பது பெரும்பாலும் இயந்திரம் கண்டுபிடித்துப் போடுவது. பின்னணியில் பாட்டு ஓடினால் உடனே பிடிக்கும். இதனால் சேனலுக்குக் கெடுதல் இல்லை, வருமானம் உரிமையாளருக்குப் போகும் அல்லது வீடியோ தடைபடும். நீங்கள் ஆட்சேபிக்கலாம். ஐந்து நாளைக்குள் ஆட்சேபித்தால் முதல் நாளிலிருந்தே வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும். அவர்கள் முப்பது நாளைக்குள் பதில் சொல்லாவிட்டால் கிளைம் தானாக நீங்கிவிடும். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு அவர்களுக்கு ஏழு நாள்தான். ஆனால் இந்த இடத்தில் யோசியுங்கள். மேல்முறையீட்டுக்குப் பிறகு அவர்கள் வீடியோவை நீக்கக் கேட்கலாம், அது ஸ்ட்ரைக்காக மாறும்.

ஸ்ட்ரைக், அதாவது உரிமையாளர் கேட்டு வீடியோ நீக்கப்படும்போது சேனல்மேல் விழும் எச்சரிக்கை, உண்மையிலேயே கடுமையானது. தொண்ணூறு நாள் நிற்கும். அதற்குள் மூன்று வந்தால் சேனல் போய்விடும். வீடியோவை அழித்தால் ஸ்ட்ரைக்கும் போய்விடும் என்று நினைத்து அழிக்கிறார்கள். போகாது. உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் எதிர் அறிவிப்பு (நீக்கியது தவறு என்று யூடியூப் வழியாக அனுப்பும் சட்டப்படியான மறுப்பு) அனுப்பும் வழி இருக்கிறது. அனுப்பினால் அமெரிக்க வேலைநாள் கணக்கில் பத்து நாளைக்குள் அவர்கள் வழக்குப் போட்டதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும்.

இங்கேதான் நம் பிள்ளைகள் பின்வாங்குகிறார்கள். எதிர் அறிவிப்பில் உண்மைப் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் கொடுக்க வேண்டும். அது அப்படியே எதிராளியிடம் போகும். அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகார எல்லையையும் ஒத்துக்கொள்ளச் சொல்கிறது அந்தப் படிவம். பெயர் தெரியாமல் சேனல் நடத்துகிற ஒரு பெண், களக்காட்டிலிருந்து, இதைப் படித்துவிட்டு அப்படியே மூடிவைத்துவிட்டார். உங்கள் சார்பில் வக்கீல் அனுப்பலாம் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பெண்கள் இந்த வேலையை வக்கீல் வழியாகவே செய்வது நல்லது.

அப்புறம் போன் வரும். "ஸ்ட்ரைக்கை எடுத்துவிடுகிறோம், இவ்வளவு கட்டுங்கள்." சில சமயம் உரிமையாளரின் ஆள், சில சமயம் வெறும் ஏமாற்றுக்காரர். போனில் ஒன்றும் ஒத்துக்கொள்ளாதீர்கள். எந்தப் படம், எந்த உரிமை, எந்த ஆண்டு ஒப்பந்தம் என்று எழுத்தில் கேளுங்கள். பழைய படங்களின் உரிமை பல கை மாறியது. கேட்கிறவரிடம் இப்போதும் அது இருக்கிறதா என்பதே பல நேரம் சந்தேகம். ஆதாரமில்லாமல் மிரட்டினால் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 60 உங்களுக்கு இருக்கிறது. அவர் மிரட்டல் செல்லாது என்று அறிவிக்கவும் அதை நிறுத்தவும் நீங்களே வழக்குப் போடலாம். அவர் உடனே முறையாக வழக்குத் தொடர்ந்துவிட்டால் மட்டும் இந்தப் பிரிவு பயன்படாது.

"போலீசில் பிடித்துக் கொடுப்போம்" என்றால்? பிரிவு 63-ல் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை இருப்பது உண்மை. இது ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத, நீதிமன்றம் பார்த்துத்தான் தரக்கூடிய குற்றம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் தெரிந்தே மீறியவருக்குத்தான் அது. நியாயமான விமர்சனம் மீறலே இல்லை. ஸ்டேஷனிலிருந்து போனில் கூப்பிட்டால் எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 35-ன்கீழ் அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. போகும்போது வக்கீலோடு போங்கள்.

எங்கே முறையிடுவது என்று தெரியாமல் அலைகிற அலைச்சல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனு கொடுக்கிறார்கள். அந்த மனு போலீசுக்குப் போகும், அங்கிருந்து சைபர் கிரைமுக்குப் போகும், "இது சிவில்" என்று திரும்பி வரும். அதற்குள் வருமானத்தைக் காப்பாற்றும் அந்த ஐந்து நாள் கெடு முடிந்துவிடும். 1930 எண் பணம் பறிபோனவர்களுக்கு. ஏமாற்றுக்காரருக்குப் பணம் அனுப்பியிருந்தால் உடனே அதில் கூப்பிடுங்கள், ஸ்ட்ரைக்குக்கு அது உதவாது. "சேனலைக் காப்பிரைட் ரிஜிஸ்டர் செய்து தருகிறோம்" என்று வண்ணார்பேட்டைப் பக்கம் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். பதிவு கட்டாயமே இல்லை, நீங்கள் எழுதிய ஸ்கிரிப்ட் எழுதிய அன்றே உங்களுடையது. பதிந்தே ஆக வேண்டும் என்றால் எழுத்துப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய், இணையத்திலேயே கட்டலாம். அந்தப் பதிவு அடுத்தவர் படக் கிளிப்புக்கு உங்களுக்கு ஓர் உரிமையும் தராது.

போக வேண்டிய இடம் இரண்டுதான். ஒன்று, யூடியூபின் இந்தியக் குறைதீர் அதிகாரி. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், 7 நாளைக்குள் முடிக்க வேண்டும் (2026 திருத்தத்துக்கு முன்பு 15 நாள்). பதில் திருப்தி இல்லை என்றால் ஒன்றிய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளைக்குள் போகலாம். எல்லாம் இணையத்தில்தான், கட்டணம் இல்லை. அதிகாரியின் பதில் மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும்.

இரண்டாவது, பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு, அதற்குச் சான்றிதழ் கேட்பார்கள். "இங்கே குடும்ப வழக்கும் நிலத் தகராறும்தான் பார்ப்போம்" என்று வாசலிலேயே யாராவது திருப்பி அனுப்பினால் திரும்பாதீர்கள். சட்டத்தில் அப்படி ஒரு வரம்பு இல்லை. மனுவை எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அதை வைத்துத் தலைவராக இருக்கிற மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்யலாம். போகும்போது வந்த மின்னஞ்சல், வீடியோவின் பிரதி, எந்த நிமிடத்தில் எந்தக் கிளிப், அதைப் பற்றி நீங்கள் என்ன விமர்சித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அங்கே போக முடியாதவர்கள் 15100 என்ற இலவச எண்ணில் கூப்பிடலாம்.