தாராவி இட்லியும் முந்தின நாள் கணக்கும்

மும்பை தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் விடிவதற்கு முன்பே அவித்தெடுக்கும் இட்லி, சைக்கிள்களில் ஏறி நகரின் பல பகுதிகளுக்குப் போய்ச் சேர்கிறது. வேலைக்கு விரையும் ஒருவருக்கு அது தெரிந்த முனையில், வழக்கமான நேரத்தில், நேற்றைய பதத்திலேயே கிடைக்க வேண்டும். அதற்காகக் கொள்முதல், உற்பத்தி, விற்பனை, வரவு செலவு ஆகியவற்றை ஒன்றோடொன்று இசைய வைப்பதே செயல்பாட்டு மேலாண்மை.

இதில் மிகக் கடினமான முடிவு, எவ்வளவு ஊறப்போடுவது என்பதுதான் என்பேன். லியூகோனோஸ்டாக் முதலான நுண்ணுயிரிகள் மாவில் அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்கி அதைப் பொங்கவைக்க ஓர் இரவு தேவைப்படுகிறது. ஜனவரிக் குளிரில் இன்னும் கூடுதலாகும். ஆகவே வாங்குபவர் யாரென்று தெரியுமுன், முந்தின நாளே அளவைத் தீர்மானித்தாக வேண்டும்.

கையிருப்பு எவ்வளவு வைப்பது என்ற இதே சிக்கலை, வங்கிகளின் ரொக்கத்தை முன்வைத்து 1888-இல் பொருளியல் அறிஞர் எட்ஜ்வொர்த் ஆராய்ந்தார். கணக்குக்காக, ஓர் இட்லி விற்றால் லாபம் 6 ரூபாய், விற்காமல் மீந்தால் நட்டம் 4 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லாபத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அதாவது 6-ஐ 10-ஆல் வகுத்தால், விடை 0.6. பத்து நாளில் ஆறு நாள் எல்லோருக்கும் போதும் அளவுக்கு அவிப்பதே லாபகரம். மற்ற நான்கு நாள் தாமதமாக வருபவர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

அவரையும் திருப்பி அனுப்பாமலிருக்க ஒரு வழி உண்டு. முதல் நடைக்கு வேண்டியதை மட்டும் அவித்துவிட்டு, மீதியை மாவாகவே வைத்திருக்கலாம். ஈடு ஒன்று வேகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். மீந்த மாவு குளிர்பெட்டியில் மறுநாளைக்கும் தாங்கும். இதனால் நட்டம் 2 ரூபாயாகக் குறைந்தால், விடை 0.75 ஆகிவிடும், அதாவது நான்கு நாளில் மூன்று நாள் யாருக்கும் இல்லையென்று சொல்ல வேண்டியிராது. விலையில் ஒரு காசும் ஏற்றாமல், அவிப்பதைத் தள்ளிப்போட்டதாலேயே வாடிக்கையாளர் பெறும் பயன் கூடுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுவே.

நான்கு வியாபாரிகள் ஒரே அடுப்படியிலிருந்து எடுத்துச் சென்றாலும் பலன் உண்டு. ஒருவர் தெருவில் குறைவதை இன்னொருவர் தெருவில் கூடுவது ஈடுகட்டுவதால், நால்வர் விற்பனையின் ஏற்ற இறக்கமும் ஒத்த அளவினதாகவும் ஒன்றையொன்று சாராததாகவும் இருந்தால், மொத்த விற்பனை நான்கு மடங்காகும்போது அதன் ஏற்ற இறக்கம் இரண்டு மடங்கே ஆகிறது. ஜூலை மழையில் லோக்கல் ரயில் நின்றுபோகும் நாளில் மட்டும் இக்கணக்கு பலிக்காது; அன்று நான்கு தெருவிலும் ஆள் வரத்து ஒருசேரக் குறைகிறது. அத்தகைய நாளுக்கு, வானிலை அறிவிப்பைக் கேட்டு முந்தின நாளே அரிசியைக் குறைத்து ஊறப்போட வேண்டியதுதான்.